பெங்களூரில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர்: காப்டன் லின்னேயஸ் டிரைப்

நம் குடியிருப்பில் எந்த இல்லத்திற்குச் சென்றாலும் கூடத்துச் சுவரில் ஒரு பழைய படத்தைக் காணலாம். மாலை சூடிய மணமக்கள், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த பாட்டனார், பட்டுப்பாவாடை உடுத்திய சிறுமி என்று அப்படத்தில் உள்ளோர் அனைவரின் பெயரையும் வீட்டார் மகிழ்ந்து சொல்லுவர். ஆனால், அதனை எடுத்தவர் யார் என்று வினவினால் விடை கிடைப்பது அரிது. கூலி பேசினோம், வந்தார், எடுத்தார், சென்றார். அவ்வளவே நாம் அறிந்தது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு அந்தப் படமே ஊர். அந்தப் படமே உறவு. இத்தகைய செல்வத்தை ஆக்கித் தந்தவரின் உழைப்புக்கு என்ன விலை? அதனைத் தேவை என்று எழுதுவதா, ஆடம்பரம் என்று எழுதுவதா?

இவ்வினா இன்று எழுந்ததன்று. 160 ஆண்டுகளுக்கு முன்னரே, நாம் வாழும் இதே பெங்களூரில் தம் பணிமனையை அமைத்துக்கொண்டு, நம் தமிழகத்துக் கோயில்களையெல்லாம் படமாக்கிய ஒருவரின் வாழ்வில் இவ்வினா எழுந்தது. அதற்குக் கிடைத்த விடை அவருடைய தொழிலையே முடித்துவிட்டது. அவர்தாம் காப்டன் லின்னேயஸ் டிரைப். அவருடைய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும்.

இளமையும் படைப்பணியும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் பிளிமத் நகரை அடுத்து டெவன்போர்ட் என்னும் கடற்படைத் துறைமுகம் உள்ளது. அங்கே 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் டிரைப் பிறந்தார். மக்கள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. அக்காலத்தில் அத்தகைய குடும்பத்து இளைஞர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒரு பிழைப்பு வழியாக இருந்தது. டிரைப்பும் பதினேழு வயதை ஒட்டிச் சென்னைப் படையில் சேர்ந்து, கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார்.

அவர் படையில் சேர்ந்த அதே 1839-ஆம் ஆண்டில்தான், ஒளியைக் கொண்டு உருவங்களைப் பதிக்கும் வித்தை பிரான்சிலும் இங்கிலாந்திலும் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருவருக்கும் ஒரே ஆண்டில் தொடங்கிய பயணம் பின்னாளில் ஒன்றாயிற்று. 1850-களின் தொடக்கத்தில் விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது டிரைப் இக்கலையைக் கற்றார். 1853-இல் இலண்டனில் தோன்றிய புகைப்படச் சங்கத்தில் அவ்வாண்டே உறுப்பினரானார். பிறந்த ஊரின் கப்பல் துறையைப் படமெடுத்துக் கையைப் பழக்கிக்கொண்டார்.

1854-இல் அவர் மீண்டு வந்தபோது, படை இருந்த இடம் பெங்களூர். 1809-இல் ஏற்பட்ட இந்நகரத்துத் தண்டுப் பகுதியில் அப்போதே தமிழ் மக்கள் நிறைந்திருந்தனர். படைவீரராகவும் வணிகராகவும் ஏவலராகவும் வந்து குடியேறியோர் அவர்கள். நம் முன்னோர் நடமாடிய அந்தத் தெருக்களில் டிரைப்பும் நடமாடினார் என்று எண்ணும்போது அவர் நமக்கு அயலாராகத் தோன்றவில்லை.

முதற்பணியும் முதற்புகழும்

அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஹளேபீட்டிற்கும் பேலூருக்கும் சென்று, போசளர் எழுப்பிய கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டில் சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். கல்லிலே பூ வேலை செய்தாற்போன்ற அச்சிற்பங்களின் நுணுக்கம் காகிதத்தில் அப்படியே இறங்கியிருந்தது கண்டு, நடுவர்கள் அவருக்கு முதல்தரப் பதக்கம் வழங்கினர்.

புகழ் பரவியது. 1855-இல், பர்மிய மன்னர் மிண்டோனின் தலைநகரான அமரபுரத்திற்கு ஆர்தர் ஃபெய்ர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை டல்ஹௌசி பிரபு அனுப்பினார். அக்குழுவுக்குப் புகைப்படக்காரராக டிரைப் சென்றார். மேகமூட்டமும் நோயும் அவரைத் தடுத்தன. எனினும் 200-க்கு மேற்பட்ட படங்களோடு அவர் திரும்பினார்.

அதன் பிறகு நடந்ததுதான் நாம் வியக்கத்தக்கது. அப்படங்களில் 120-ஐத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 50 பிரதிகள் எடுக்கப்பட்டன. பெருக்கிப் பார்த்தால் 6,000 படங்கள்! அத்தனையும் அச்சானது நம் பெங்களூரில். அந்நாளில் மின்விளக்கு இல்லை. சிறியதைப் பெரிதாக்கும் கருவியும் வழக்கில் இல்லை. மருந்து பூசிய தாளின்மேல் மூலப்படத்தை வைத்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டவேண்டும். நிறம் வந்ததும் எடுத்துப் பொன் உப்புக் கரைசலில் தோய்த்து, உறுதியாக்கும் நீரில் இட்டு, மீண்டும் மீண்டும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தவேண்டும். ஒரு படத்திற்கே இவ்வளவு வேலை என்றால், ஆறாயிரத்திற்கு எத்தனை கைகள் உழைத்திருக்கும்! டிரைப் இந்நாட்டு உதவியாளர்களை அமர்த்திப் பழக்கி, அவர்களைக் கொண்டே இதனைச் செய்து முடித்தார்.

தமிழகம் நோக்கி

கம்பெனியின் இயக்குநர்கள் அப்போது ஒரு கணக்குப் போட்டனர். பழைய கோயில்களையும் குகைகளையும் ஓவியரை அமர்த்தி வரைவிப்பதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. புகைப்படம் எடுத்தால் செலவு குறையும், உண்மையும் மிகும் என்பது அவர்கள் எண்ணம். இக்கருத்தை ஒட்டிச் சென்னை அரசாங்கம் 1856-இல் டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. சிக்கனத்துக்காகத் தோன்றிய பதவி அது என்பதை அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

1857 டிசம்பர் நடுவில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சென்னையில் முதல் இருப்புப்பாதை போட்டு ஓராண்டே ஆகியிருந்தது. தென்னாட்டுக்கு வண்டி இல்லை. எனவே மாட்டு வண்டிகளில் கருவிகளையும் கண்ணாடிகளையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, இராயக்கோட்டை வழியாகச் சேலம் சீமையில் இறங்கினார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று நடந்து, 1858 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடைந்தார். இன்று நாம் இரவில் ஏறிக் காலையில் இறங்கும் ஊர்களை நான்கரை மாதங்களில் சுற்றினார்.

அவர் தொழில் செய்த முறையைச் சிறிது அறிதல் வேண்டும். எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்ற காலம் அது. ஆகவே ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள தாளை ஏற்கும் பெரும் பெட்டியை அவர் சுமந்து சென்றார். மெழுகு ஊட்டிய தாளே அவருடைய பிலிம். அதனை முன்கூட்டியே மருந்தில் தோய்த்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்பது பயணத்திற்கு வசதி. ஆனால் ஒளி பதிவதற்கு நிமிடக் கணக்கில் காத்திருக்கவேண்டும். தெருவில் நடந்து செல்வோர் அத்தாளில் பதியார். அதனால்தான் அவருடைய படங்களில் மண்டபங்களும் கோபுரங்களும் ஆளரவமின்றி, விடியற்காலத்து அமைதியோடு நிற்கின்றன. அத்தாளில் வானம் கறைபட்டு வருவதுண்டு. அதனை மறைக்க மூலப்படத்தின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை அவரே அமைப்பார். ஆனால் கல்லில் உள்ளது எதனையும் அவர் மாற்றவில்லை.

படையில் பழகியவராதலால் அவருடைய படங்களில் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டடம் சாயாது, கோடு வளையாது. எந்த இடத்தில் நின்றால் தூண்களின் வரிசை முழுதும் தெரியும் என்று முன்பே ஆராய்ந்து பெட்டியை நிறுத்துவார். படம் முடிந்ததும் எண் இடுவார்; இடத்தின் பெயரை எழுதுவார்; தம் பெயரைக் கையொப்பமாக இடுவார். செய்த வேலைக்கு நானே பொறுப்பு என்னும் உறுதி அக்கையொப்பத்தில் விளங்குகிறது.

மதுரையில் அவர் எடுத்த படங்கள் நான்கு பகுதிகளாக வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயிலையும் புது மண்டபத்தையும் எடுத்தார். யானை படுத்தாற்போன்ற ஆனைமலையை எடுத்தார். வைகையாற்றின் குறுக்கே கிடந்த தாழ்ந்த கல்பாதையை எடுத்தார். இன்று மதுரையார் கடக்கும் பழைய பாலம் 1889-இல்தான் வந்தது. அதற்கு முன் ஆற்றை எவ்வாறு கடந்தனர் என்பதற்கு அப்படமே சான்று. திருமலை நாயக்கர் மகால் அப்போது இடிபாடுற்றுக் கிடந்தது. நேப்பியர் பிரபு அதனைப் புதுப்பித்தது பின்னர்தான். எனவே புதுப்பிப்பதற்கு முன் அரண்மனை நின்ற கோலத்தை நாம் டிரைப்பின் படங்களில் காண்கிறோம்.

பெரிய கோயிலின் கல்லெழுத்து

தஞ்சாவூரை அவர் அடைந்தபோது அந்நகர் அரசிழந்திருந்தது. 1855-இல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கம்பெனியார் அரசை எடுத்துக்கொண்டனர். மன்னரில்லாத அந்நகரில், முதல் இராசராச சோழன் எடுப்பித்த பெரிய கோயில் மட்டும் தலைநிமிர்ந்து நின்றது.

விமானத்தையும் நந்தி மண்டபத்தையும் எடுத்ததோடு டிரைப் நிறைவடையவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் வரிவரியாகச் செல்லும் கல்வெட்டைப் படமாக்க முனைந்தார். ஒரே படத்தில் அடங்காத நீளம் அது. எனவே பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். அதன் நீளம் 19 அடிக்கும் மேல். ஒவ்வொரு முறையும் பெட்டியின் தொலைவு மாறக்கூடாது, உயரம் மாறக்கூடாது, ஒளி மாறக்கூடாது. ஒன்று தவறினாலும் எழுத்து வரிகள் பொருந்தா. தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்காக அவர் அவ்வளவு பாடுபட்டார். தஞ்சைக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஹுல்ட்ஷ் என்னும் அறிஞர் அச்சிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வெழுத்தின் ஒரு பகுதி இவரால் தாளில் ஏறிவிட்டது.

அந்தக் கல்வெட்டுகள் கூறுவதென்ன? அவையும் ஒரு கணக்கே. மன்னன் கொடுத்த பொன் எத்தனை கழஞ்சு, தமக்கை குந்தவையார் அளித்த அணிகள் எவை, கோயிலுக்கு வந்த 400 ஆடல் மகளிர் யார் யார், அவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பனவெல்லாம் அங்கே பெயரோடு வெட்டப்பட்டுள்ளன. தையற்காரரும் தச்சரும் கணக்கரும் கூட அங்கே இடம் பெற்றனர். தான் கொடுத்ததோடு பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவன் இராசராசன். உழைத்தவர் பெயரை விடாது எழுதிய கணக்கு அது.

பணிமனை மூடப்பட்டது

1858-இல் சென்னைக்கு வந்த டிரைப், வால்ட்டர் எலியட் அமராவதியிலிருந்து கொணர்வித்திருந்த பௌத்த சிற்பங்களையும் எடுத்தார். அச்சிற்பங்கள் விரைவில் இலண்டனுக்குக் கப்பலேறின. அவற்றின் படங்கள் இங்கே தங்கின. பின்னர்ப் பெங்களூரில் மீண்டும் அச்சு வேலை தொடங்கியது. ஊர் ஊராகத் தொகுதிகள் வெளிவந்தன.

அவ்வேளையில்தான் இடி விழுந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய செலவினால் அரசாங்கம் கடனில் மூழ்கியிருந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் செலவுகளையெல்லாம் அரிவாள் கொண்டு அரிந்தார். அரசாங்கத்திற்கு ஒரு புகைப்படக்காரர் இருப்பது பெரும் ஆடம்பரம் என்று முடிவு செய்து, வேலையை நிறுத்தும்படி ஆணையிட்டார். ஓவியரைவிடச் செலவு குறைவு என்று சொல்லித் தொடங்கிய பணி, செலவு மிகுதி என்று சொல்லி முடிக்கப்பட்டது. 1860-இல் பணிமனை மூடியது. பழகிய உதவியாளர்கள் கலைந்தனர்.

டிரெவெலியன் நேர்மையற்றவர் அல்லர். கடன்பட்டவர் செலவைச் சுருக்குவது முறைதான். எனினும் அவர் பார்த்தது தாளும் மருந்தும் கூலியும் ஆகிய ஒரு பக்கத்துக் கணக்கை மட்டுமே. மறுபக்கத்தில் வரவு வைக்கவேண்டியது பின்னால் வரும் தலைமுறைகளின் அறிவு. அதற்குப் பத்தி அவருடைய ஏட்டில் இல்லை. காலத்தின் விளையாட்டு, வேறொரு வரிக்கணக்கில் மேலிடத்தோடு மாறுபட்ட அவரும் அதே 1860-இல் திரும்ப அழைக்கப்பட்டார்!

இன்னொன்றும் நடந்தது. பத்தாண்டுகள் கூட ஆகவில்லை. 1867-68-இல் அதே அரசாங்கம், உதகமண்டலத்தில் சொந்தமாகக் கடை நடத்திய எட்மண்ட் டேவிட் லயன் என்னும் முன்னாள் காப்டனிடம் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுக்கும் பணியை ஒப்படைத்தது. மூடிய கதவை வேறு பெயரால் திறக்கவேண்டியதாயிற்று. வேண்டாத ஆடம்பரமாயிருந்தால் மீண்டும் தேடியிருப்பார்களா?

சம்பளக்காரரும் சொந்தத் தொழிலாளரும்

டிரைப்புக்குப் பின் இக்கலை பெரும்பாலும் சொந்தமாகத் தொழில் செய்வோர் கைக்கு மாறியது. 1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் இமயமலைக் காட்சிகளை எடுத்து, எண்ணிட்ட பட்டியல் அச்சிட்டு விற்றார். இந்தூரில் அரசாங்கப் பொறியியல் அலுவலராயிருந்த தீன் தயாள் அவ்வேலையை விட்டுச் செகந்திராபாதில் நிலையம் வைத்து, ஐதராபாத் நிசாமின் அவைப் புகைப்படக்காரரானார். 1905-இல் மறையும் வரை அத்தொழிலிலேயே சிறந்தார். இத்தகையோருக்கு உருவப்படமே அன்றாடச் சோறு. காட்சிப்படம் இடையிடையே வரும் வருவாய். வாடிக்கையாளர் விரும்பும் முகமலர்ச்சியைத் தருவது அவர்கள் பாணி. மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்டவர்க்குப் பிரதி போட்டுக் கொடுப்பது அவர்கள் வாணிகம்.

டிரைப்புக்கு வாடிக்கையாளர் இல்லை, ஒரே முதலாளி. அம்முதலாளி கைவிட்டதும் தொழிலும் போயிற்று. சொந்தத் தொழிலாளர்க்குப் பல முதலாளிகள். ஒருவர் போனால் ஒருவர் வருவார். ஆனால் யாரும் காசு கொடுத்துக் கேட்காத ஒரு கல்வெட்டுக்காக வெயிலில் நாட்களைச் செலவிட அவர்களுக்கு எளிதில் முடியாது. ஒன்றில் உரிமை உண்டு, ஓய்வு இல்லை. மற்றதில் ஓய்வு உண்டு, உறுதி இல்லை. இன்று நம் விழாக்களுக்குத் தோளில் கருவியைத் தொங்கவிட்டு வரும் இளைஞர்களும் இவ்விரண்டுக்கும் இடையேதான் வாழ்கின்றனர்.

இறுதி நாட்களும் பிற்காலப் புகழும்

பணிமனை மூடியபின் டிரைப் தாயகம் சென்று, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படைப்பணிக்கு வந்தார். ஆனால் அத்தகைய பெரும்பணி அவர் கைக்கு மறுபடி வரவில்லை. மேஜர் ஜெனரல் என்னும் மதிப்புடன் ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே வாழ்ந்து, 1902 மார்ச் 2-ஆம் நாள், 79-ஆம் வயதில் காலமானார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே அவர் முழுமூச்சாகப் புகைப்படத் தொழில் செய்தார். அவ்வாறு ஆண்டுகளின் விளைவுக்காகவே உலகம் இன்று அவரை நினைக்கிறது. 2014-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் அவருடைய படங்களின் பெருங்கண்காட்சி தொடங்கியது. பின்னர் அது நியூயார்க்கிலும் இலண்டனிலும் நடைபெற்றது. ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட தாள்கள் இன்று விலைமதிக்க இயலாப் பொருள்களாகக் காக்கப்படுகின்றன.

அவருடைய வாழ்வில் ஒரு குறையையும் நாம் காணாமலிருக்க முடியாது. படங்களில் டிரைப்பின் கையொப்பம் இருக்கிறது. பெங்களூர் வெயிலில் சட்டங்களைத் திருப்பி, ஆறாயிரம் தாள்களைக் கழுவியவர்களின் பெயர்கள் இல்லை. தையற்காரரையும் தச்சரையும் விடாது எழுதிய இராசராசன் கல்வெட்டைப் படமெடுத்தவரே, தம்மோடு உழைத்தோரைப் படத்தில் எழுத மறந்தார். அவரை மறந்த அரசாங்கத்தைக் குறைகூறும் நாமும் அதே தவற்றைச் செய்யலாகாது.

ஆகவே அன்பர்களே, இவ்வரலாற்றினால் நாம் கொள்ளத்தக்கது எளிய செயல் ஒன்றுதான். இம்முறை வீடு சென்றதும் சுவரிலுள்ள பழைய படத்தை இறக்குங்கள். அதன் பின்புறத்தில், பென்சிலால் மென்மையாக, எடுத்த ஆண்டையும் ஊரையும் உள்ளோர் பெயரையும் எழுதுங்கள். வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே கேட்டு, எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். இனி ஆண்டுவிழாவில் நம்மைப் படமெடுக்க வருபவரிடம் கூலியில் பத்து ரூபாயைக் குறைப்பதற்கு முன், அவர் பெயரை ஒருமுறை கேளுங்கள். நம் பேரர்கள் ஒரு நாள் அப்படங்களின் வழியாகத்தான் நம்மைக் காண்பார்கள். அன்று அவர்கள் பார்க்கப்போகும் கணக்கில் நம் பெயரோடு அவர் பெயரும் இருக்கட்டும்.

வாழ்க கலை! வளர்க நம் சங்கம்!